மலையகத்தின் எல்லைகளைப் படமெடுத்தல்: ஆவணப் புகைப்படக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எல்லைப்புற மக்களைப் பற்றிய ஆவணப் புகைப்படங்கள் என்றவுடன் முள்வேலி, காவற்கோபுரம், சோதனைச் சாவடி, மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நிற்கும் மனிதர்கள் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. இலங்கையின் மலையகத்தில் இவை எவையும் இல்லை. நாடு ஒரு தீவு, அதன் எல்லை கடல், மலையகமோ அக்கடலை எங்கும் தொடாத நடுப்பகுதி. ஆயினும் எல்லை என்பது ஒரு மக்களின் அன்றாடத்தை எவ்வாறு வகுத்துவிடுகிறது என்பதைப் படங்களில் காட்ட விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் அதிகமில்லை.

இங்குள்ள எல்லைகள் மண்ணில் கோடாகத் தெரிவதில்லை. கடந்து போகிறவர்கள் எங்கே நடையைத் தளர்த்துகிறார்கள், எங்கே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறுகிறார்கள், எந்தக் கடையில் உள்ளே அமர்ந்தும் எந்தக் கடையில் வெளியே நின்றும் தேநீர் குடிக்கிறார்கள், எந்தக் காகிதத்தைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துகிறார்கள் என்பவற்றில்தான் அவை தெரிகின்றன. ஆகவே இவ்வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே அணுகுமுறையிலிருந்து பிறப்பவை: எல்லையைத் தேடி அலையாதீர்கள், அதைக் கடப்பவரைப் பின்தொடருங்கள்.

முதற்படி: எந்த எல்லை என்று தீர்மானித்தல்

மலையகத்தில் ஆவணப்படுத்தத் தக்க எல்லைகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, தோட்டத்துக்கும் ‘நாடு’ என்று தோட்டத்து மக்கள் வழங்கும் அயற்சிங்களக் கிராமத்துக்கும் இடையிலுள்ளது. இதன் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாகக் கருத வழிசெய்தது. அவ்வாறு பெறப்பட்ட நிலங்கள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர், கோப்பிக்காக வெட்டித் திறக்கப்பட்ட சரிவுகளைத் தேயிலை நிறைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இடைக்காலத்தில் சில தோட்டங்களின் நிலம் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், எல்லை ஓரத்தில் நின்று நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரலாறுகள் பதிலாக வரும். இரண்டையும் கேளுங்கள்.

இந்த எல்லையை வரைபடமின்றியே கண்டுகொள்ளலாம். ஒரு பக்கம் இடுப்பளவில் வெட்டி நிறுத்தப்பட்ட தேயிலை. மறுபக்கம் பலா, கமுகு, மிளகுக்கொடி, வாழை என்று உயரம் உயரமாய்க் கலந்து நிற்கும் வீட்டுத்தோட்டம், அதன் கீழே வயல். இன்னொரு அடையாளம் வீதி. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. தார் எந்த இடத்தில் முடிந்து கல்வீதி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குனிந்து பாருங்கள். பல இடங்களில் அந்த ஓர் அடி அகலத்துக்குள் நிர்வாக வரலாறு முழுவதும் கிடக்கும். முதற்படமாக அதையே எடுக்கலாம்.

இரண்டாவது, தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலான எல்லை. மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கடலில் கிடந்து, தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகக் குடும்பங்களின் உள்ளே காகிதமாகவும் பிரிவாகவும் தங்கிவிட்ட எல்லை. மாகாண எல்லைகளும் உண்டு. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதையில் கோச்சி (ரயில்) மத்திய மாகாணத்திலிருந்து ஊவா மாகாணத்துக்குள் நுழைகிறது. ஒரு வாயிலில் மூடுபனியும் மறுவாயிலில் வெயிலுமாக நல்ல படங்கள் கிடைக்கும். எனினும் மனிதர் வாழ்வை வகுக்கும் எல்லையாக அது வலுவற்றது என்பதே என் கருத்து. மூன்றில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். மூன்றையும் ஒரே தொகுப்பில் சேர்க்க முயல்பவர் கடைசியில் மலையகம் அழகானது என்று மட்டுமே சொல்லி முடிப்பார்.

இரண்டாம் படி: போகுமுன் பார்க்க வேண்டியவை

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாளை வாங்கி, உங்கள் பகுதியிலுள்ள தோட்டப் பிரிவுகள், ஓடைகள், ஒற்றையடிப் பாதைகள், கோயில்கள், விகாரைகள், பாடசாலைகள் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். வரைபடத்தில் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்ததாக இருக்கும். பஸ் நடத்துநருக்கும் ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருப்பது பெரும்பாலும் அதன் தமிழ்ப்பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்காவிட்டால் வழியும் தவறும், பின்னர் படக்குறிப்பும் தவறும்.

பழைய படங்களையும் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய ஸ்டூடியோக்கள், தேயிலை பறிக்கும் பெண்களை நிறுத்தி வைத்து எடுத்த படங்களைத் தொகுதிகளாகவும் தபாலட்டைகளாகவும் விற்றன. அவற்றில் தோட்டத்தின் பெயர் இருக்கலாம், தொழிலின் பெயர் இருக்கலாம். ஆளின் பெயர் இராது. ஆங்கிலப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் இறந்து, பொகவந்தலாவையின் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதை அவ்வழியே போகிற பலரும் அறிவதில்லை. கமராவுக்கு மலையகம் புதியதன்று. கூடை சுமந்த பெண் சிரித்தபடி நிற்கும் படம் ஏற்கெனவே போதுமான அளவு எடுக்கப்பட்டுவிட்டது. நீர்வீழ்ச்சிகளின் பார்வையிடங்களில் காசுக்காக அவ்வாறு நின்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களின் பிழைப்பு, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஆவணமாகாது.

மூன்றாம் படி: அனுமதி

இவ்வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர் இதை வாசிக்கட்டும்.

தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, எந்தெந்தப் பிரிவில், எத்தனை நாள், என்ன நோக்கத்துக்கு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பின்னர் தோட்டத்துத் தலைவரையும் கோயில் கமிட்டியாரையும் மாதர் சங்கத்தாரையும் தனித்தனியே சந்தியுங்கள். கிராமத்துப் பக்கத்தில் கிராம உத்தியோகத்தரையும் விகாரையின் தேரரையும் சந்தித்து அதே விளக்கத்தைச் சிங்களத்தில் சொல்லுங்கள். சிங்களம் சரளமாக வராதவர், இரு மொழியும் அறிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை நாட்கூலி கொடுத்து உடன் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தாரிடம் மட்டும் பேசிவிட்டு எல்லையைப் பற்றித் தொகுப்புச் செய்வது ஒரு கட்சிக்காரரை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவதற்குச் சமம்.

இத்தனை அனுமதிகளும் உங்களை உள்ளே விடுமேயன்றி, ஒருவரின் முகத்தைப் படமெடுக்கும் உரிமையைத் தரமாட்டா. துரை (தோட்ட நிர்வாகி) சரியென்று சொல்லிவிட்டார் என்பது தெரிந்தால், மலையில் வேலை செய்யும் பெண் ‘வேண்டாம்’ என்று சொல்வது கடினம். கணக்கப்பிள்ளையோ கங்காணியோ உங்கள் தோளுக்கருகே நின்று, ‘சிரிங்க, சிரிங்க’ என்று குரல் கொடுத்தால் அது இன்னும் கடினம். ஆகவே முதல் நாட்களில் கமராவை வெளியே எடுக்காமல் நடந்து பழகுங்கள். படமெடுக்கும் நாளில் மேற்பார்வையாளர் அருகில் இல்லாத வேளையில், படம் எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள், பெயர் போடலாமா என்பவற்றை ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள். ‘பார்க்கலாம் தம்பி’ என்ற பதிலை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம், வீடு, காணி குறித்துப் பேசியவரின் முகத்தையும் பெயரையும் ஒருசேர வெளியிடுவதற்கு முன், அவருக்கு வேலையிடத்தில் என்ன நேரும் என்று அவரோடு அமர்ந்து யோசியுங்கள்.

பாடசாலையில் அதிபரின் அனுமதியும், பிள்ளைக்காம்பிராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) நிர்வாகத்தினதும் தாய்மாரினதும் அனுமதியும் தேவை. ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவதால் அங்கே வேறு விண்ணப்பம். டிரோன் பறக்கவிட வேண்டுமாயின் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பார்த்து முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தேயிலை மலைக்கு மேல் அதைப் பறக்கவிடுவதை நான் பொதுவாகவே விரும்புவதில்லை. கொழுந்து பறிப்போர் குளவிக் கொட்டுக்கு அஞ்சி வேலை செய்யும் இடம் அது. கூடு எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

நான்காம் படி: கருவியும் காலநிலையும்

ஒரு கமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, 50 அல்லது 85 மி.மீ. ஒன்று போதும். நீண்ட ஸூம் லென்ஸ் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கத் தூண்டும், சரிவில் சுமையாகவும் இருக்கும்.

மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே காலத்தில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று வீசி வறண்டிருக்கும். அங்கே மழை ஆண்டின் இறுதியில் கனக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் போகிறவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கம் போகிறவருக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் தெளிந்த வானம் கிடைக்கும். ஆனால் எல்லை மழையில்தான் கூர்மையாகத் தெரிகிறது. தார் வீதியில் நீர் வழிந்தோடுகிறது, கல்வீதியில் தேங்குகிறது. இரு பருவங்களிலும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். ஆயினும் மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் சரிவுகளுக்குப் போகாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை.

மூடுபனியில் கமராவின் ஒளிமானி ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்கிவிடுமாதலால் ஒளிப்பதிவை முக்கால் முதல் ஒரு ஸ்டொப் வரை கூட்டுங்கள். வெயிலில் தேயிலையின் பச்சை, முகங்களின் கீழ்ப்பாதியில் பிரதிபலித்துத் தோலின் நிறத்தைக் கெடுக்கும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல், சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் பிடித்து அளவிடுங்கள். லயத்துக் காம்பிராவில் வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாக மட்டுமே வரும். பிளாஷ் அடித்தால் புகைபடிந்த சுவரின் கருமை போய்விடும். அந்தக் கருமையும் ஆவணத்தின் பகுதியே. எஃப் 2, நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 3200 என்ற அளவில் தொடங்கி, மனிதரை வாசலுக்கு ஓரடி உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அமரச் சொல்லுங்கள்.

குளிரிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையின் சூட்டுக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் நீர் படியும். கமராவை மூடிய பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு வையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்காவிட்டால், சில மாதங்களில் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் படரும். அட்டைப்பூச்சி கடிக்காதிருக்க நீளக் காலுறையும் சோப்புக்கட்டியும் போதும்.

ஐந்தாம் படி: கடக்கும் இடத்தில் நிற்றல்

தோட்ட எல்லையைத் தெரிவு செய்தவர், ஒரே ஒரு கடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நாட்களைக் கழிக்க வேண்டும். அது ஓடைக்குக் குறுக்கே போட்ட பாலமாகவோ, இரு பக்கத்தாரும் வரும் சில்லறைக் கடையாகவோ, பஸ் தரிப்பிடமாகவோ, நீர் பிடிக்கும் பீலியாகவோ இருக்கலாம். என் தெரிவு கடை. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) முன் பாணும் வெற்றிலையும் வாங்க வருவோர், சீருடையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், கொழும்புக்குப் போகும் இளைஞரின் பைகள், பகலில் வயலிலிருந்து ஏறிவரும் கிராமத்தவர், மாலையில் கடன்கொப்பியைத் திறக்கும் முதலாளி என்று நாள் முழுவதும் எல்லை அங்கே நடமாடும். அந்தக் கடன்கொப்பியின் விரித்த பக்கத்தை, பெயர்களை மறைத்து, முதலாளியின் சம்மதத்தோடு ஒரு படம் எடுங்கள். தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து வரும் அப்பக்கம், தூரத்து மலைக்காட்சிகள் பலவற்றைவிட அதிகம் பேசும்.

பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் கவனமாக இருங்கள். தராசு தொங்கும் நேரத்தில் பெண்ணின் கண் முள்ளின் மேல் இருக்கும். கொழுந்து கட்டிய படங்கின் எடைக்கும் ஈரத்துக்குமாகக் கிலோக்கள் கழிக்கப்படுகிற இடம் அது. நாளின் ‘பெயர்’, அதாவது அன்றைய கூலி, முழுதாக விழுமா அரைப்பேராகுமா என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த வேளையில் குறுக்கே நின்று அவர் கவனத்தைத் திருப்புவது அவரது கூலியில் கைவைப்பதற்கு ஒப்பாகும். ‘நிறுத்து முடியட்டும் தம்பி, பொறகு எடுக்கலாம்’ என்று ஓர் அக்கா சொன்னால், கமராவைத் தாழ்த்தி ஒதுங்கி நில்லுங்கள். பிறகு அவராகவே கூப்பிடுவார்; கொழுந்துக் காம்புகளின் சாறு ஏறிக் கறுத்து, ஓரங்களில் வெடித்த விரல் நுனிகளை நீட்டிக் காட்டவும் கூடும்.

மாசி, பங்குனியில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து நடக்கும் தோட்டமாயின், கூத்துப் பொறுப்பாளரான பெரியவரிடம் முன்பே பேசி, எந்த இடத்துக்குச் செருப்போடு போகக்கூடாது, எந்தச் சடங்கை எடுக்கக்கூடாது என்று கேட்டறியுங்கள்.

காட்டெல்லையைத் தெரிவு செய்தவருக்கு வேலை குறைவான ஆட்களோடும் நிறைந்த பொறுமையோடும் நடக்கும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளின் ஓரங்களில், தேயிலைக்கும் மரங்களுக்கும் நடுவிலுள்ள காட்டுத்தொங்கலில் சிறு மரக்கறித் தோட்டங்கள் இருக்கும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் சிக்குவதுண்டு. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அவ்வாறு சிக்கிய கருஞ்சிறுத்தை பின்னர் இறந்தது. சுருக்கைப் படமெடுத்தால் இடம் தெரியாதவாறு எடுங்கள், கோப்பிலுள்ள ஜி.பி.எஸ். விவரத்தையும் நீக்குங்கள். இல்லையேல் உங்கள் படம் ஒரு ஏழைக் குடும்பத்தின் மேல் வழக்காக முடியும்.

ஆறாம் படி: கடலெல்லையைக் காகிதத்தில் தேடுதல்

மூன்றாவது எல்லையைப் படமெடுக்க, முதலில் அதன் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன. தலைமன்னார்க் கப்பலில் போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கே வந்து சேர்ந்தனர். 1980களின் நடுப்பகுதியில் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பிரஜாவுரிமை கொடுத்தது.

ஆகவே இங்கே கடப்பவர் என்பவர் பெரும்பாலும் ஒரு தாத்தாவின் பெட்டிக்குள் இருக்கும் காகிதம். பழைய இந்தியக் கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புப் பதிவு, இராமேஸ்வரத்திலிருந்து வந்த கடிதம், அரிதாகச் சில குடும்பங்களில், இலங்கை வரும் தொழிலாளரை முன்பு தங்கவைத்த மண்டபம் முகாம் காலத்துத் தகர வில்லை ஆகியவை கிடைக்கலாம். பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். கதை கேளுங்கள், பெட்டி தானாகத் திறக்கும். காகிதத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இஸ்தோப்பில் (வீட்டின் முன் திண்ணையில்), நேர்வெயில் படாத இடத்தில், சாம்பல் நிறத் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். கமராவைக் காகிதத்துக்குச் செங்குத்தாக, எஃப் 8இல், முக்காலியில் நிறுத்தி எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு, முத்திரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெளியிடும் பிரதியில் அடையாள எண்களையும் முகவரிகளையும் மறையுங்கள். அடுத்து அதே காகிதம் அதே மனிதரின் கையில் இருக்கும்படி ஒரு படம். குரலையும் பதிவு செய்யுங்கள், ஏனெனில் காகிதத்தில் தம்பியின் பெயர் தவறாக எழுதப்பட்டதால் அவர் மட்டும் மறுகரைக்குப் போக நேர்ந்த கதையை எந்தப் படமும் தனியாகச் சொல்லாது.

பின்னர் விரும்பினால் கோச்சியில் தலைமன்னாருக்குப் போகலாம். அந்தப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாழடைந்த பழைய இறங்குதுறையை வெறுமையாக எடுப்பதைவிட, மலையகத்திலிருந்து ஒருவரை உடன் அழைத்துப்போய் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். 2023இல் மலையகத் தமிழர் இலங்கை வந்த இருநூறாம் ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அவ்வழியை மீண்டும் மனிதர் வழியாக்கினர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களும் வடக்கில் இருக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் அவர்களுக்கும் இடமுண்டு.

ஏழாம் படி: குறிப்பு, தெரிவு, திருப்பிக் கொடுத்தல்

அன்றைய படங்களை அன்றிரவே மூன்று இடங்களில் சேமியுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் வன்தட்டு ஒன்றை மட்டும் நம்புவது புத்தியன்று. படக்குறிப்பில் திகதி, தோட்டத்தின் இரு பெயர்கள், பிரிவு, ஆளின் பெயர் அவர் சொன்ன எழுத்துக்கூட்டலில், அவர் செய்துகொண்டிருந்த வேலை, படம் எடுக்கச் சம்மதித்த விதம் ஆகியவை இருக்கட்டும். பெயர் வேண்டாமென்றவருக்குப் புனைபெயர் சூட்டாமல், ‘பெயர் குறிப்பிட விரும்பாத தொழிலாளி’ என்றே எழுதுங்கள்.

தெரிவின்போது இரு பக்கங்களிலிருந்தும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் படங்கள் இருக்க வேண்டுமென்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கிராமத்தவர் எல்லோரும் பின்னணியில் மங்கலாகவும் தோட்டத்தவர் எல்லோரும் முன்னணியில் துயரமாகவும் வந்திருந்தால் களத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் படப்பிரதி எடுக்கலாம். காகிதத்தை லெமினேட் செய்து கொடுங்கள், லயத்துச் சுவரின் ஈரத்தில் வெறுங்காகிதம் நிற்காது. இறந்துபோன பெரியவரின் படத்துக்கு வீட்டார் கேட்கும் அளவு எதுவாயினும் பெரிதாக எடுத்துக் கொடுங்கள்; அதுவே மாலை போடும் படமாகும். கொழும்பில் காட்சி வைப்பதற்கு முன், அந்தக் கடையின் சுவரிலோ கோயில் மண்டபத்திலோ படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தொங்கவிட்டு, இரு பக்கத்தாரையும் கூப்பிடுங்கள். பெயர் பிழை, உறவுமுறைப் பிழை, இடப் பிழை எல்லாம் அன்றே வெளிவரும்; பென்சிலும் வெற்றுத்தாளும் வாசலில் வைத்திருங்கள். சிங்களக் குறிப்புகளை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடாமல் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துவித்து, அவருக்குரிய கூலியையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதி வையுங்கள்.